தகரம் கேட்ட சோதனை

தன் போர்டு கடைக்கு, தகரத்திலும் அச்சடிக்கும் யூவி பிரிண்டர் வாங்க ஷோரூமுக்கு வந்த செல்லக்கிளி, பையில் ஒரு துருப்பிடித்த தகரத்தையும் கொண்டுவந்திருந்தாள்.

"என் மயிலைப் பாருங்க! பத்தடி அகலம் அடிப்பேன்," என்றது ஷோரூமின் பெரிய பிரிண்டர், தான் அடித்துச் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படத்தைக் காட்டி.

"அது நீங்களே பொறுக்கி வச்ச பளபளத் தாள், அண்ணே. வெயில்ல தொங்கப்போறது நான். என் மேல அடிங்க," என்றது தகரம்.

"உன் மூஞ்சியிலயா?"

"எங்க தெரு போர்டுக்கெல்லாம் இந்த மூஞ்சிதான்!"

பெரியது முனகிக்கொண்டே தகரத்தின் மேல் மயிலை அடித்தது. செல்லக்கிளி நகத்தால் சுரண்டினாள். தோகை உதிர்ந்தது.

மூலையிலிருந்த சின்ன பிரிண்டர், "முதல்ல துருவைத் தேய்ச்சுட்டு, மை ஒட்டிப் பிடிக்க பிரைமர் பூசிக்கிட்டு வா," என்றது. அப்படியே வந்து படுத்த தகரத்தின் மேல் அது அடித்தது. செல்லக்கிளி மறுபடி சுரண்டினாள். நகம்தான் உடைந்தது.

"இதையே பேக் பண்ணுங்க," என்றாள் கடைக்காரரிடம், சின்ன பிரிண்டரைக் காட்டி.

தகரம் பெரிய பிரிண்டரைத் திரும்பிப் பார்த்தது. "வருத்தப்படாதீங்க அண்ணே. உங்க மயில் தாள்ல நல்லாத்தான் ஆடுது."