ஆறாவது நிலை

"வாயை மூடுங்கோ மச்சாள். இதோடை மூண்டு தரம் சொல்லிப்போட்டன்."

விளையாட்டு விழாவுக்கு யோகாசனம் பழக முன்பள்ளி முற்றத்தில் பாய் விரித்துக் குப்புறக் கிடந்த பதினொரு பெண்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். சண்டை நின்று பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து வன்னியிலுள்ள கண்டாவளைக்கு மருமகளாக வந்து எட்டு மாதமே ஆன சிவதர்சினி, புருசனின் தமக்கை கமலாசனியை ஊருக்கு முன்னால் வாயை மூடச் சொல்லிவிட்டாள்.

அவள் மூச்சுக்காகத்தான் சொன்னாள். சூரிய நமஸ்காரத்தின் ஆறாவது நிலையில் நாடியும் நெஞ்சும் முழங்காலும் நிலத்தில் பட வேண்டும். வாயை மூடி, மூக்கால் மூச்சை விட்டு, அப்படியே நிறுத்த வேண்டும். கமலாசனியோ முழங்கைகளை ஊன்றி, நெஞ்சை நாலு விரல் உயரத்துக்குத் தூக்கி, வாயை ஆவென்று திறந்துகொண்டு கிடந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களில் முக்கால்வாசிப் பேரும் அதையே செய்தார்கள்.

மற்ற நிலைகளில் கமலாசனியிடம் ஒரு குறை பிடிக்க முடியாது. கிணற்றில் அள்ளியும் நெல்மூட்டை தூக்கியும் உரமேறிய கைகள். முழு உடம்பையும் உள்ளங்கைகளில் தாங்கி நிற்கும் காகாசனத்தைச் சிவதர்சினி கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வருடம் விழுந்தெழும்பித்தான் பழகினாள். கமலாசனி அதை இரண்டாம் நாளே செய்துவிட்டாள். மூச்சுப் பயிற்சியில் நாற்பது எண்ணும்வரை அசையாமல் மூச்சை அடக்கினாள். அப்படிப்பட்டவளுக்கு வாயை மூட மட்டும் தெரியாதா? வேண்டுமென்று பண்ணுகிற பகிடி இது.

"கை வேறை காதடிக்குப் போகுது. என்ன, தோடு கழண்டு விழுந்திடுமோ?" என்றாள் சிவதர்சினி.

முன்பள்ளி ஆசிரியை விமலேஸ்வரி களுக்கென்று சிரித்தாள். சிவதர்சினிக்குக் காது மடல் வரை சூடேறியது.

கமலாசனி எழுந்து முழங்கை மண்ணைத் தட்டினாள். "தெரிஞ்சு செய்யேல்லை மச்சாள். குப்புற விழுந்தவுடனை உடம்பு தன்ரை பாட்டிலை அப்பிடிப் போகுது."

"உடம்பிலை பழியைப் போடாதேங்கோ. விருப்பமில்லாட்டி விருப்பமில்லை எண்டு சொல்லுங்கோ."

அன்று முழுவதும் குசினியில் சட்டி பானைகள்தான் கதைத்தன. பின்னேரம் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த புருசன் ஜெயந்தனிடம் சிவதர்சினி எல்லாவற்றையும் கொட்டினாள். கலியாண வீட்டிலேயே அவனுடைய அக்கா, கொழும்புப் பிள்ளை இங்கே எத்தனை நாளைக்குத் தாக்குப் பிடிக்கும் என்று யாரிடமோ கேட்டாளாம். அதை அவள் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஊரே வரும். அங்கே தன்னைச் சிரிக்க வைப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

அக்கா அப்படிப் பகிடி பண்ணுகிற ஆள் இல்லை என்றான் ஜெயந்தன். என்னதான் செய்தாள் என்றும் கேட்டான்.

"அதை உங்கடை கொக்காவையே கேளுங்கோ. ஞாயிற்றுக்கிழமை ஊர் சிரிச்சுதோ, திங்கக்கிழமை விடிய கொழும்புக்குப் போக நான் வவுனியா பஸ்ஸிலை. பிறகு வந்து கூப்பிடாதேங்கோ."

சொன்னதோடு நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த சூட்கேசை இழுத்து, அலுமாரியிலிருந்த சேலைகளில் பாதியை அதற்குள் அடுக்கினாள். வாசலில் வந்து நின்ற கமலாசனி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

சனிக்கிழமை காலை கடைசி ஒத்திகை. வயலுக்கு மேலே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சிவதர்சினி யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்:

"இண்டைக்கு ஆராவது வாயைத் திறந்தா, நாளை வரைக்கும் பாக்க மாட்டன். இப்பவே போறன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் எண்ணத் தொடங்கினாள். ஒன்றில் கை கூப்பினார்கள். இரண்டில் கைகள் மேலே போயின. மூன்றில் குனிந்தார்கள். நாலில் ஒரு கால் பின்னால் போனது. ஐந்தில் பதினொரு உடம்புகளும் கைகளில் நின்றன, பலகை போல, ஒரே வரிசையாக. கமலாசனி உதடுகளைக் கடித்து வாயை இறுக மூடியிருந்தாள். சிவதர்சினிக்கு முதல் தடவையாக மனம் கொஞ்சம் இளகியது.

மேற்கே தகரத்தை நீளமாகக் கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. யாரோ கூரை வேலை செய்கிறார்கள் என்று நினைத்தாள்.

அவள் இன்னும் ஆறு சொல்லவில்லை. ஆனால் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் குப்புற விழுந்தார்கள். முழங்கைகள் ஊன்றியிருந்தன. நெஞ்சுகள் நிலத்தில் படவில்லை. வாய்கள் ஆவென்று திறந்திருந்தன. இந்த முறை விரல்களும் காதுகளுக்குள் போயிருந்தன.

சிவதர்சினிக்குக் கண் இருண்டது. பதினொரு பேரும் சேர்ந்தே செய்கிறார்கள். கடைசி நாளிலும்.

"நான் ஆறு சொல்லேல்லை" என்று கத்தினாள். "எழும்புங்கோ எல்லாரும்."

அந்தச் சத்தம் இப்போது தலைக்கு மேலே இருந்தது. முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது அவள் ஒருத்திதான். கமலாசனி பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்து நிலத்தில் இழுத்து வீழ்த்தினாள்.

"பிளேன், கிபிர் பிளேன் வந்திட்டுது. குண்டு விழப் போகுது. நெஞ்சை நிலத்திலை முட்ட விடாதை. வாயைத் திற மச்சாள், மூடினாக் காது கிழிஞ்சு போகும்."

சொல்லிவிட்டு, சண்டை நின்ற நாலு வருடமாக மறந்திருந்தும் மறக்காத அந்தக் கைகளால், தன்னுடைய காதுகளை விட்டு, அவளுடைய காதுகளை இறுகப் பொத்தினாள் கமலாசனி.