மடையன் வேலை

"தோட்டா உள்ளே ஏறவே தகராறு பண்ணுது, நார்பர்ட். ஏறினாலும் வெடிக்க மாட்டேங்குது."

போரிலிருந்து கொண்டுவந்த பழைய கைத்துப்பாக்கியை டெல்மர் மேசைமேல் வைத்தார். நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் துப்பாக்கி ரிப்பேர் என்றால் நார்பர்ட்தான்.

"எதைச் சுட்டீங்க?"

"ஒரு கிழட்டு மிருகத்தை. ரொம்பக் கிட்டத்துல."

"தப்பிச்சிடுச்சா? அதுக்கு ஆயுசு கெட்டிதான்!"

சிரித்தபடியே நார்பர்ட் அதைப் பிரித்தார். தோட்டாவை மேலே தள்ளும் ஸ்பிரிங் தொய்ந்திருந்தது. அது சின்ன விஷயம். தோட்டாவின் அடியில் குத்த வேண்டிய ஊசியின் முனையை யாரோ அரத்தால் தேய்த்திருந்தார்கள்.

"எந்த மடையன் இதுல கை வச்சான்? இப்படியிருந்தா ஜென்மத்துக்கும் வெடிக்காது."

டெல்மர் அந்த ஊசியையே வெகுநேரம் பார்த்தார். "புதுசு போடுங்க."

நார்பர்ட் போட்டார். கழற்றியதை வழக்கம்போல் ஒரு கவரில் போட்டு, 'மடையன் வேலை' என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து டெல்மரின் மனைவி வெர்னா வந்தாள்.

"வாங்க வெர்னா! மகள் வீட்டுலேர்ந்து இன்னைக்குத்தான் திரும்பினேன். துப்பாக்கி இப்ப நல்லா வெடிக்குதா?"

"வெடிச்சுது. ஒரே தடவைதான்."

அவள் கறுப்பு உடையில் இருந்தாள். டெல்மர் சொன்ன கிழட்டு மிருகம் எதுவென்று நார்பர்ட்டுக்கு அப்போதுதான் புரிந்தது.

வெர்னா அந்தக் கவரை மேசைமேல் வைத்தாள்.

"இது என் வேலை, நார்பர்ட். போர்லேர்ந்து வந்த புதுசுல ராத்திரியெல்லாம் அலறுவாரு. ஒருநாள் அவர் வயலுக்குப் போனப்ப நான்தான் தேய்ச்சு வச்சேன். நாப்பது வருஷம் அவரைக் காப்பாத்திச்சு."