டப்பாவில் ஆப்பிள் தோல்

"இலையா விக்கிற வரைக்கும் நீ விவசாயி. அதுல கத்தி பட்டுச்சுன்னா நீ..."

அப்பா இதை எப்படி முடிப்பார் என்பது மட்டும் டெல்ஃபியாவுக்கு ஞாபகமில்லை. தொழிற்சாலை என்றாரா, திருடன் என்றாரா? எதுவோ. அமெரிக்காவின் கென்டக்கியில் அவள் நடத்தும் புகையிலைக் கடைக்குள் இன்றுவரை ஒரு கத்தரிக்கோல்கூட நுழைந்ததில்லை.

"கொஞ்சம் நறுக்கிக் குடும்மா. கை நடுங்குது." வாராவாரம் கெஞ்சுவார் கிளெல். பக்கவாதத்தில் பிழைத்து வந்த தனிக்கட்டை.

"முழு இலைன்னா வெறும் விளைச்சல், அண்ணே. நறுக்கி வித்தா நான் தயாரிப்பாளர். லைசென்ஸ், வரி, அபராதம்! கடை போனா நீங்க வந்து மீட்டுத் தருவீங்களா?"

கல்நெஞ்சக்காரி என்றது ஊர்.

அந்தச் சனிக்கிழமை கடை நிறையக் கூட்டம். வாசலில் பாஸ்டர் ஹார்லன், வழக்கம்போல.

"புகையிலை சைத்தானோட பயிர்! அதை விட்டுட்டு இதைச் சாப்பிடுங்க." போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் ஒரு துண்டுப் பிரசுரம், ஓர் ஆப்பிள். இந்தக் கடையை மூடவேண்டும் என்று ஞாயிறு தவறாமல் பிரசங்க மேடையில் ஜெபிப்பவர்.

அவரை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார் வரி அதிகாரி. நேராகக் கிளெல்லிடம் போனார்.

"சட்டைப் பையில என்ன பெரியவரே? எடுங்க."

தகர டப்பா. திறந்தால், நூல் நூலாக நறுக்கிய புகையிலை. காயாமலிருக்க மேலே ஒரு சுருள் ஆப்பிள் தோல்.

"இந்தக் கடையில நறுக்கி விக்கிறாங்கன்னு புகார். இது யார் நறுக்கினது?"

"நான்தான்" என்றார் கிளெல்.

"அப்படியா?" அதிகாரி தன் பேனாக்கத்தியை நீட்டினார். "ஓர் இலையை நறுக்கிக் காட்டுங்க, பார்ப்போம்."

கிளெல் வாங்கினார். கத்தி நழுவி விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது.

"சார், சத்தியமா நான் தொடல!" டெல்ஃபியா கல்லாவை விட்டு ஓடி வந்தாள்.

"வேற யாராவது காசு வாங்காம, இவர் வாங்கின இலையை இவர் வீட்டுல வெச்சு நறுக்கிக் கொடுத்திருந்தா சட்டத்துல தப்பே இல்ல. அது யாருன்னு தெரியணும். இல்லேன்னா கடைக்கு இப்பவே பூட்டு."

"யாருன்னு சொல்லுங்கண்ணே! என் பொழப்பே போகுது!"

கிளெல்லின் கண் கலங்கியது. "வெளிய சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்மா. என்னால முடியாது."

அதிகாரி பூட்டை எடுத்தார்.

கூட்டத்தில் எவனோ கத்தினான்: "பாஸ்டர்! உங்க ஜெபம் கேட்டுருச்சு! சைத்தான் கடையை மூடுறாங்க, வந்து பாருங்க!"

சிரிப்பு. எல்லோரும் திரும்பினார்கள்.

பாஸ்டர் உள்ளே வந்தார். பிரசுரக் கட்டைக் கல்லாமேல் வைத்தார். குனிந்து கத்தியை எடுத்தார். ஓர் இலையின் நடு நரம்பை ஒரே இழுப்பில் உருவி, இறுக்கிச் சுருட்டி, நூல் நூலாக நறுக்க ஆரம்பித்தார்.