தாய்மாமன் மடி

குழந்தையின் தலையை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் அது கைக்கே தெரியும்.

இப்போது வலிக்கிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முகமோ அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய சின்னத் தலையின் பின்புறம் மட்டும் அவன் மோவாய்க்குக் கீழே, ஈரமாக.

"மாமன் நல்லா இறுக்கிப் புடிச்சுக்கணும்," என்றார் ஆசாரி. "புள்ள துள்ளிட்டா ஊசி எடம் மாறிப்போயிரும்."

நல்லா என்றால் எவ்வளவு?

யாரைப் போய்க் கேட்பான், பாவம்.

குலதெய்வக் கோவில் மண்டபம் கொள்ளாத கூட்டம். தங்கை சுகந்தி எதிரே நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடி. அவள் கண் பெற்ற மகள்மேல் இல்லை. அவன் கைகள்மேல் இருந்தது.

அவளுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்குத் தெரியாது. வண்டியிலிருந்து விழுந்தான், மண்டையில் அடி, ஆபரேஷன் ஆச்சு, சாமி புண்ணியத்தில் எழுந்துவிட்டான். ஊருக்கு அவ்வளவுதான். நடக்கிறான், சாப்பிடுகிறான், கடையைத் திறக்கிறான். இன்னும் என்ன வேண்டும்?

டாக்டர் அண்ணனையும் தங்கையையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். அடுத்தவருக்கு அடிபட்டால் பார்க்கிற நமக்கும் உள்ளே ஒரு சுருக் வருகிறதே, அதுவும் மூளை பார்க்கிற வேலைதான். அடி அங்கே பட்டிருக்கிறது. திரும்பி வரலாம். வராமலும் போகலாம். அதுவரைக்கும் நாலு பேர் முகத்தைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

பார்த்துத்தான் நடந்துகொண்டான். சிரித்தால் சிரித்தான். உச்சுக் கொட்டினால் உச்சுக் கொட்டினான்.

அந்த ஒரு தடவைதான் தவறிப்போனது. அடுப்படியில் சோறு வடிக்கும்போது கொதிக்கொதிக்கக் கஞ்சி சுகந்தியின் கையில் கொட்டிவிட்டது. அலறினாள். அவன் எட்டிப் பார்த்தான்.

"சோறு குழைஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

அவள் வெந்த கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

அன்றிலிருந்து, அவன் குழந்தையைத் தூக்கினால் அவளுக்குப் பக்கத்திலேயே ஏதாவது வேலை வந்துவிடும்.

ஆனால் இதற்கு என்ன செய்வாள்? கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தர் மடியில் வைத்துக் காது குத்தினால், ஏன் என்று ஊர் கேட்கும். கேட்டால் சொல்ல வேண்டும்.

"இங்க பாருங்கடி, மாமனுக்கு இப்பவே வேர்த்து ஊத்துது!" என்றாள் பெரியத்தை. "ஊசி யாருக்கு ஆசாரி? இவனுக்குக் குத்துனப்ப நாலு பேரு அமுக்கிப் புடிச்சோம். கோவில் மணியவே மிஞ்சுன கத்தல்!"

மண்டபம் சிரித்தது.

அவனும் சிரித்தான். கொஞ்சம் பிந்தி.

பயம் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. அதை யார் முகத்தைப் பார்த்தும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தானாக வந்தது. இந்தப் பிள்ளை கதறும்போது நான் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருப்பேனோ. எலும்பு நெரிகிற வரைக்கும். ஒன்றும் தெரியாமல். சும்மா.

ஆசாரி காது மடலில் குங்குமப் புள்ளி வைத்தார்.

ஊசி இறங்கியது.

குழந்தை முதலில் மூச்சை உள்ளே இழுத்தாள். அப்புறம்தான் அலறல் வந்தது.

மண்டபத்தின் முகங்களெல்லாம் ஒன்றுபோலச் சுளித்தன. மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அத்தனை கேலி பேசிய பெரியத்தை தன் காதைத் தானே பொத்திக்கொண்டாள்.

அவனுக்குள் ஒன்றுமில்லை.

கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதுபோல் காத்திருந்தான்.

வரவில்லை.

முகத்தைச் சுளித்துக்கொண்டான். சுகந்தி அதைப் பார்த்துவிட்டாள். மற்ற முகங்களெல்லாம் நேராகிவிட்ட பிறகு அவன் முகம் ஒன்று மட்டும் சுளிப்பதை.

"குடுண்ணே," என்று இரண்டு கையையும் நீட்டினாள். "இன்னொரு காதுக்கு அவங்கப்பா வெச்சுக்கட்டும்."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

அவன் பிடியை விட்டான்.

விட்டதுமே குழந்தை திரும்பினாள். அம்மாவின் கைகள் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தன. குழந்தை அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. அவன் சட்டையை இரண்டு கைகளாலும் கொத்தாகப் பற்றி, சளியும் கண்ணீருமாக முகத்தை அவன் நெஞ்சில் புதைத்துக்கொண்டாள்.

இதற்கு என்ன செய்ய வேண்டும்?

நிமிர்ந்து முகங்களைத் தேடினான்.

ஒரு முகமும் உதவவில்லை. எல்லாரும் அவன் என்ன செய்யப்போகிறான் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கை எழுந்தது.

சுகந்தி ஓரடி முன்னால் பாய்ந்தாள்.

கை குழந்தையின் முதுகில் பதமாக இறங்கிய விதத்தைப் பார்த்தாளோ என்னவோ, அப்படியே நின்றுவிட்டாள். நீட்டியிருந்த கைகள் மெல்லத் தாழ்ந்தன.

ஆசாரி ஊசியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு மடின்னு சொல்லுங்கம்மா."

"அங்கயே இருக்கட்டும்," என்றாள்.

அது அவன் காதில் விழவில்லை. அவன் சட்டைக்குள் ஏதோ வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குவது குழந்தையா, தானா என்று அவனால் பிரிக்க முடியவில்லை.