ஓய்வுநாளில் ஓடிய கணினி

நுகுஅலோஃபா துறைமுகத்தில் கப்பல் சீட்டுக்குக் கூட்டம் முட்டி மோதிய திங்கட்கிழமை காலையில், அலுவலகத்தின் கணினி கண்ணை மூடிக்கொண்டது.

"இத்தனை வருஷத்துல ஒருநாள் படுத்ததுண்டா?" என்று முழங்கினார் முதலாளி சியோசாயா, சபையிலே பிரசங்கமும் செய்பவர். "சனிக்கிழமை அணைச்சா திங்கக்கிழமைதான் போடணும்னு சொல்லியிருக்கேன்ல? ஞாயித்துக்கிழமை ஓட விட்டா ஆண்டவர் சும்மா விடுவாரா? ஓய்வுநாளை மீறினவங்களுக்கு இங்க வேலை கிடையாது லூபே!"

நிரல் பணியாளர் லூபே திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"ஆண்டவரை ஏன் ஐயா இழுக்கறீங்க? ஒவ்வொரு சீட்டுக்கும் நம்ம நிரல் நினைவகத்துல இடம் பிடிக்குது, வேலை முடிஞ்சும் அதைத் திருப்பித் தர்றதில்ல. வாராவாரம் அணைக்கறப்ப எல்லாம் காலியாகும். அதனால நிரல்ல இருக்கற இந்த ஓட்டை வெளியே தெரியல. இந்த வாரம் அணைக்கல, நிரம்பிப்போச்சு."

"அதைத்தான் நானும் கேக்கறேன்! அணைக்காம விட்ட பாவி யாரு?"

வரிசையில் நின்றோர் லூபேயைப் பார்த்தனர். லூபே முதலாளியைப் பார்த்தாள்.

"நேத்து உங்க பிரசங்கம் ஆக்லாந்துல இருக்கற உங்க மகளுக்கு நேரலையா போகணும்னு, சனிக்கிழமையே அலுவலகச் சாவியை வாங்கிட்டுப் போனீங்களே ஐயா. அது போனது இந்தக் கணினி வழியாத்தான்."

முழங்கிய குரல் முணுமுணுப்பாயிற்று.

"அது... அது வேலை இல்லம்மா, ஊழியம்."

"அந்த வித்தியாசம் கணினிக்குத் தெரியாதே ஐயா!"

வரிசையே வெடித்துச் சிரித்தது. சியோசாயா லூபேயின் காதருகே குனிந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓட்டையை அடைச்சிடுவியாம்மா? அன்னிக்கும் நான்தான் பிரசங்கம்."