ஆறுச்சாமியின் மூக்கு

ஆறுச்சாமியின் மூக்கில் அது மூன்றாவது முறையாக முளைத்திருந்தது.

டாக்டர் பிலோமி விளக்கைத் திருப்பிப் பார்த்தார். சிவந்த சதை, மேலே ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அதே சனியன்தான். மாடு குளிப்பாட்டும் குளங்களிலிருந்து மனிதர் மூக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும் நோய்.

இதை அறுப்பதில் சித்தூர் தாலுகாவில் அவரை மிஞ்ச ஆளில்லை. தொட்டாலே ரத்தம் கொட்டும் சதை அது. அவரோ கம்பிச் சுருக்கை உள்ளே விட்டு, வேரோடு கழற்றி, அடியைச் சுட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கை கழுவப் போய்விடுவார்.

அவர் அறுத்த மூக்கு எதுவும் திரும்பி வந்ததில்லை. ஆறுச்சாமியின் மூக்கு மட்டும் அவர் மானத்தை வாங்கியது.

இன்னொரு முறை வளர்ந்தால் தொண்டைப் பக்கம் இறங்கி மூச்சையே அடைத்துவிடும். அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"குளத்துல குளிக்கிறீங்களா?" ஒவ்வொரு தடவையும் கேட்டதையே கேட்டார்.

"இல்லீங்க டாக்டரம்மா. ஊட்டுக் கெணத்துல மோட்டாரு ஓடுது. கொளத்துக்கு நா எதுக்குங்க போறேன்?"

எழுபத்திரண்டாம் வருஷத்தில், எருத்தேன்பதி மாதிரி ஒரு கிராமத்தில், வீட்டுக் கிணற்றுக்கு மோட்டார் வைத்தவர் குளத்தில் குளித்தால்தான் அதிசயம். மனுஷன் பொய் சொல்லவில்லை.

அறுத்தார். இந்த முறை இன்னும் ஆழமாகச் சுட்டார். மூக்கில் பஞ்சு அடைத்து ஆறுச்சாமியைக் கட்டிலில் கிடத்தியதும், அவர் மனைவி செல்லாத்தாள் கைகூப்பியபடி உள்ளே வந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகம்.

"உங்க கைக்குத் தங்கக் காப்புத்தான் போடோணுமுங்க. போன ரெண்டு தடவையாட்டவே இப்பவும் மாரியாத்தாகிட்ட வேண்டியிருக்கறனுங்க. புண்ணு ஆறுனதீம் இவரு கோயில் கொளத்துல நூத்தியெட்டு முழுக்குப் போட்டுருவாருங்க."

பிலோமிக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. தான் ஆற்றி அனுப்பிய மூக்கை, இவள் நன்றியோடு கொண்டுபோய் நோயிலேயே முக்கி எடுத்திருக்கிறாள்.

"செல்லாத்தா, சாமி மேல குத்தம் இல்ல. நோய் அந்தத் தண்ணியிலதான் இருக்கு. முழுக்கு வேண்டாம். பதிலா முடி கொடுத்துருங்களேன்."

சொன்ன பிறகுதான் ஆறுச்சாமியின் தலையைக் கவனித்தார். நெற்றி தொடங்கிப் பிடரிவரை பளபளவென்றிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செல்லாத்தாளும் கணவன் தலையைத்தான் பார்த்தாள். ஊர் என்ன பேசும், சொந்தபந்தம் என்ன கேட்கும் என்று இன்னொருத்தி ஆயிரம் யோசித்திருப்பாள்.

இவள் ஒரே இழுப்பில் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். கூந்தல் முழங்காலைத் தொட்டது.

"இது ஈடாகுங்களா, டாக்டரம்மா?"