மன்னித்த மாமனார்

ராஜமாணிக்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. தொடை எலும்பு முறிந்து, காலில் எடை தொங்க, திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தார்.

அதே புல்லட்டிலிருந்து அவரோடு விழுந்த மருமகன் சகாதேவனுக்கு இருபத்தைந்து. முழங்கையில் ஒரு பிளாஸ்திரி. அவ்வளவுதான்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது.

அடி அண்ணாமலைப் பக்கம் எருமை குறுக்கே வந்துவிட்டதாம். பெரியவரை வைத்துக்கொண்டு அப்படியா பறப்பது என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். சீர்வரிசையில் வந்த வண்டிதானே, அருமை எங்கே தெரியும் என்றார் ஒரு சித்தப்பா.

சகாதேவன் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். இளவட்டம் தட்டிவிட்டு எழுந்து போகிற அடியில் பெரியவருக்கு உயிரே போகலாம். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். அதோடு மனசும் விட்டுப்போனால் பிழைக்க வைப்பது கஷ்டம் என்றார். அதனால் மனைவி வள்ளி கேட்டபோதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமியார் ஜோதியம்மாள் மரியாதை குறையாமல் சொன்னாள்: "எங்க வள்ளிய இனிமே உங்ககூட அனுப்பறதா இல்லீங்க."

வள்ளி மெல்ல நகர்ந்து அம்மாவின் பக்கம் போய் நின்றாள். சகாதேவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் ராஜமாணிக்கம் கையைத் தூக்கினார்.

"விடுங்க. சின்ன வயசு, வேகம் ஜாஸ்தியாத்தான் இருக்கும். நான் மன்னிச்சிட்டேன்."

வார்டே உருகிப்போனது. பக்கத்துக் கட்டில்காரர் படுத்தபடியே கும்பிட்டார். ஜோதியம்மாள், இப்பேர்ப்பட்ட புருஷனா நமக்கு என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமனார் காலில் விழச் சொன்னார் சித்தப்பா. எடை தொங்காத காலாகப் பார்த்துத் தொட்டுக் கும்பிட்டான் சகாதேவன்.

அந்த நேரம் பார்த்து, தூக்குச் சட்டியில் பாலோடு உள்ளே வந்தார் முருகையன். எருமைக்குச் சொந்தக்காரர். விழுந்தவர்களை முதலில் தூக்கிவிட்டவரும் அவர்தான். எலும்பு ஒன்றுசேர மாசக்கணக்கில் ஆகும் என்று கேட்டதும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"இனிமேலாச்சும் வண்டிய மாப்ளைகிட்ட குடுத்துட்டு நீங்க பின்னால குந்துங்க சாமி. 'மெதுவா ஓட்டுங்க மாமா'னு அவரு உங்க முதுகுக்குப் பின்னாலருந்து கத்துனது எங்க கொல்ல வரைக்கும் கேட்டுது."